உடைந்த ஸ்டட்டுக்கு முன் நிற்பவர்களுக்கு

பழைய காரை விற்க மனமில்லாமல் வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் தூக்கிவிட்டு நிற்கிற அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் தூத்துக்குடியிலிருந்து வணக்கம்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா விட்டுப்போன காரைத் தானே பார்த்துக்கொள்கிறவர். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றும்போது 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று தலையோடு முறிந்துவிட்டது. முறிந்தது காலை 8 மணிக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது மணி 11. அதற்குள் டிரில் பிட் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருந்தது. முறிந்த துண்டைத் திருகி எடுக்க உள்ளே விட்ட ஈஸி அவுட் ஒடிந்து அங்கேயே நின்றது. சுற்றியிருந்த அலுமினியத்தில் உளி பட்ட தழும்புகள். "அப்பா வண்டியைக் கெடுத்துட்டேன் மாமா" என்றார். கண் கலங்கியிருந்தது.

8 மணிக்கு முறிந்தது ஒரு போல்ட், அவ்வளவுதான். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வார்ப்பு காயம்பட்டது அதற்குப் பிறகு. இந்த மடல் அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியது. உங்களில் பலர் அதற்குள் இப்போதே நின்றுகொண்டிருக்கலாம். நின்றுகொண்டிருந்தால், முதலில் கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். முறிந்த துண்டு எங்கேயும் ஓடிவிடாது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. என் மாருதி 800-இல் மேனிஃபோல்ட் கேஸ்கட் போய், முடுக்கும்போதெல்லாம் படபடவென்று சத்தம். எல்லா நட்டும் வந்துவிட்டது, ஓரத்து நட் மட்டும் வரவில்லை. 12-ஆம் நம்பர் ஸ்பானருக்கு மேல் ஒரு குழாயைச் செருகி இழுத்தேன். நட் ஏறியிருந்த மரைத்தண்டு, அதாவது ஸ்டட், எஞ்சின் ஹெட்டின் மட்டத்துக்கு முறிந்தது. ஓட்டை போட்டு, ஈஸி அவுட்டை அடித்து இறக்கித் திருப்பினேன். அதுவும் முறிந்தது. ஹெட்டைக் கழற்றித் துணியில் சுற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஸ்டட் முறிஞ்சப்பவே வந்திருந்தா அரை மணி நேர வேலை தம்பி" என்றார். அன்று அவருக்கு ஒரு முழுப் பகல் போனது.

அவர் சொன்ன ஒரு கணக்கை உங்களிடம் சேர்க்கவேண்டும். 8 மில்லிமீட்டர் முழு உருக்கு தாங்காமல் முறிந்த முறுக்கத்தை, அதற்குள் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு விடுகிற மெல்லிய சாவி எப்படித் தாங்கும்? அதுமட்டுமல்ல, ஈஸி அவுட் கூம்பு வடிவம். அடித்து இறக்க இறக்க ஸ்டட்டின் சுவரை வெளிப்பக்கமாக நெட்டித் தள்ளும். துருவால் ஏற்கெனவே இறுகிய மரை இன்னும் இறுகும். கடைசியில் ஈஸி அவுட் ஒடிந்தால், அது நன்றாகக் கடினப்படுத்திய உருக்கு. வீட்டிலிருக்கும் எந்த டிரில் பிட்டும் அதன்மேல் வழுக்கி, பக்கத்திலிருக்கும் மென்மையான அலுமினியத்துக்குள் போய்விடும். மரை இறுகாமல், அளவுக்கு மீறி முடுக்கியதால் மட்டும் தலை துண்டான போல்ட்டுக்கு ஈஸி அவுட் நல்ல கருவிதான். அப்படிப்பட்ட போல்ட் சில சமயம் சென்டர் பஞ்சால் தட்டினாலே கழன்று வரும். துருப்பிடித்து முறிந்த ஸ்டட்டுக்கு மட்டும் தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். கடைக்காரர் என்ன சொல்லிக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

ஏன் இப்படி இறுகுகிறது என்று தெரிந்தால் கை தானாகவே நிதானப்படும். எங்கள் ஊரில் உப்பளத்துக் காற்று. எதை வெளியில் வைத்தாலும் துரு. இரும்பு துருவானால், முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரையின் இடுக்கில் அந்த இடம் ஏது? அதனால் நெரிக்கிறது. உருக்குப் போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகிறது. ரேடியேட்டர் தண்ணீர் போகிற பாதையிலுள்ள போல்ட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிடித்துக்கொள்கின்றன. மேனிஃபோல்ட் கதை வேறு. 25 சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் நீளும். அது உட்கார்ந்திருக்கும் ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து, அதில் கால் பங்குதான் நீளும். ஒவ்வொரு பயணத்திலும் இந்த இழுபறியின் சுமை ஓரத்து ஸ்டட்டுகள்மேல் விழுகிறது. பல ஆண்டுகள் அப்படி வளைந்து நிமிர்ந்த உலோகத்தைத்தான் நாம் குழாய் போட்டு இழுக்கிறோம்.

முறிவதற்கு முன் அது நம்மிடம் சொல்லும். இதை எழுத்தில் கொண்டுவருவது கடினம், முயல்கிறேன். நல்லபடியாகக் கழலும் நட் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு, சட்டென்று இலகுவாகும். முறியப்போகிற ஸ்டட் சத்தம் போடாது. ஸ்பானர் நகரும், ஆனால் பிடி விட்ட உணர்வு வராது. ரப்பரைத் திருகுவதுபோல் இழுபடும். நகர்கிறதே என்று மனம் மகிழும், அதை நம்பாதீர்கள். அங்கே நட் கழலவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, வந்த வழியே கொஞ்சம் இறுக்கும் பக்கம் திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றும் பக்கம். கால் சுற்று போய், அரைக்கால் சுற்று திரும்பி வருவது. ஒரு நட்டுக்கு இருபது நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

ஸ்பானரின் நீளத்தையும் மனதில் வையுங்கள். 30 சென்டிமீட்டர் பிடியில் 10 கிலோ எடைக்கு இழுத்தாலே ஏறக்குறைய 30 நியூட்டன் மீட்டர். 6 மில்லிமீட்டர் போல்ட்டை முடுக்க வேண்டியதே சுமார் 10-தான். அந்தப் பெண்ணின் போல்ட் போனதற்கு அவர் பலசாலி என்பது காரணமல்ல. ஸ்பானர் நீளம், அவ்வளவே.

எண்ணெயை முந்தின இரவே விடுங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கிற டபிள்யூ.டி.-40 அமெரிக்காவில் 1953-இல் ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. பெயரின் அர்த்தமே 'ஈரம் விலக்கி, நாற்பதாவது முயற்சி' என்பதுதான். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய் கிடைத்தால் அதை வாங்குங்கள். வெப்பம் இன்னும் நல்லது. ஸ்டட்டைச் சிறு கேஸ் டார்ச்சால் சூடாக்கி, சுடர் அணைந்ததும் மெழுகுவத்தியை மரையில் தொட்டால், மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். நான் பலமுறை செய்து பலன் கண்டது இது. அலுமினியத்தின் பக்கம் சுடரைக் கொண்டுபோகும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாமலே 660 டிகிரியில் உருகி விழுந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சொய்யென்று ஓடிப்போகிற சூடு போதும். அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. அந்தச் சூட்டிலேயே துளை சில மைக்ரான் அகலும், நமக்கு வேண்டியது அந்த மைக்ரான்தான்.

அதற்கும் நட் அசையவில்லையென்றால் நட்டைப் பலி கொடுத்துவிடுங்கள். நட் ஸ்பிளிட்டரோ, கூரான உளியோ, சிறு அரைக்கும் கருவியோ கொண்டு ஒரு பக்கத்தை வெட்டிப் பிளந்தால் அது விரிந்து கழன்றுவிடும். ஸ்டட்டின் மரையில் ஒரு கீறல் விழலாம், ஸ்டட் முழுசாக நிற்கும். ஒரு நட்டைக் காப்பாற்றப் போய் ஸ்டட்டை முறித்த கதைகளைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

இனி, முறிந்தபின்.

கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சூடு, மெழுகு, லாக்கிங் பிளையர் என்று நிதானமாகப் போனாலே பாதிக்குமேல் வந்துவிடும். மட்டத்துக்கு முறிந்தாலோ, உள்ளே முறிந்தாலோ, என் அனுபவத்தில் முதலில் நாடவேண்டியது வெல்டிங். டிரில்லை அதற்குப் பிறகு எடுங்கள். ஒரு வாஷரை ஸ்டட்டின்மேல் வைத்து நடு ஓட்டை வழியாக உலோகத்தை ஏற்றி, அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் நிரப்பி ஒட்டவேண்டும். பட்டறைகளில் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்வது இதற்கு மிகவும் தோது. இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, ஆகவே மரை பிழைத்துக்கொள்ளும். ஒட்டியபின் சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்போது முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். திருகப் பிடி கிடைப்பது ஒரு நன்மை. உள்ளே பாய்ந்த வெப்பம் துருவின் பிடியை உடைத்துவிடுவது அதைவிடப் பெரிய நன்மை. முதல் நட் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இரண்டாவதும் வரலாம். நான்காவது நட்டில் கழன்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சூடேறி ஆறுவதால் உள்ளே இளகிக்கொண்டுதான் இருக்கிறது, மனம் விட்டுவிடாதீர்கள்.

வெல்டிங் நம் எல்லோருக்கும் வராது. தெருமுனைக் கிரில் பட்டறைக்காரருக்கு வரும். இயந்திரத்தை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடவேண்டியது உங்கள் பொறுப்பு. பெட்ரோல் குழாய்களை மூடித் தள்ளிவைத்து, பக்கத்தில் தீயணைப்பானும் நனைந்த சாக்கும் தயாராக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய பளபளப்பான நட்டை ஒட்டினால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பூச்சில்லாத கறுப்பு நட்டாகப் பாருங்கள். அந்த இடத்தைத் துடைக்கக் குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வெல்டிங் வெப்பம் பட்டால் அது பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைக் கிளப்பும், உயிரைக் குடிக்கிற வாயு அது. காருக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். இந்தப் பத்தியில் ஒரு வரியைக்கூட அவசரமாகப் படிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெல்டிங்குக்கு வழியில்லை, டிரில்தான் என்றால், வேலையின் முக்கால் பங்கு டிரில் சுற்றுவதற்கு முன்பே முடிந்துவிடவேண்டும். முறிந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும். அதைத் தட்டையாக்காமல் புள்ளி அடித்தால் பஞ்ச் பள்ளத்துக்குச் சறுக்கும். கண்ணளவில் நடு என்று தோன்றுவதை நம்பவும் கூடாது. லேத்தில் ஒரு புஷ் கடைந்து தரச் சொல்லுங்கள்: வெளி விட்டம் மேனிஃபோல்ட் ஓட்டைக்குள் ஆடாமல் உட்காரவேண்டும், நடுவில் சரியாக 3 மில்லிமீட்டர் துளை. மேனிஃபோல்டை மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, இந்தப் புஷ்ஷைச் செருகி, அதன் வழியே டிரில் செய்தால் நடு தவறவே தவறாது. கடைகிறவருக்குப் பத்து நிமிட வேலை. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் என் ஹெட்டைக் கழற்றியே இருக்கவேண்டாம்.

8 மில்லிமீட்டர், 1.25 இடைவெளி மரைக்கு டேப் துளை 6.8. ஆகவே 3, 5 என்று ஏறி 6.5-இல் நிறுத்துங்கள். வேகம் குறைவு, அழுத்தம் கூட, எண்ணெய் நிறைய, கண்ணுக்குக் கண்ணாடி. இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. பாதி ஆழத்திலேயே ஸ்டட் பிட்டைப் பிடித்துக்கொண்டு தானாகக் கழன்று வந்து நிற்கும், பார்க்கவே கண் நிறையும். அப்படி வராவிட்டாலும் 6.5 துளைக்குப் பின் மெல்லிய சுவர்தான் மிஞ்சும். கூரான ஊசியால் உள்பக்கம் மடக்கி இடுக்கியால் இழுத்தால் சுருள்போல் வந்துவிடும். எவ்வளவு ஆழம் போகலாம் என்று பக்கத்துத் துளையில் அளந்து, பிட்டில் ஒட்டு நாடா சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். துளைக்கு அப்பால் தண்ணீர்ப் பாதை இருக்கலாம்.

அந்தப் பெண்ணின் வார்ப்புக்கு வருகிறேன். போல்ட் துண்டும் அதற்குள் ஈஸி அவுட் துண்டும். வெல்டிங்குக்கு இடமில்லை, டிரில் இறங்காது. எங்களைக் காப்பாற்றியது நாட்டு மருந்துக் கடைப் படிகாரம். முகச்சவரம் முடிந்ததும் தடவுகிறார்களே, அதே படிகாரம்தான். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தட்டுக்குள் முறிந்த உருக்குத் திருகைக் கரைத்தெடுக்க வெகுகாலமாகக் கையாளும் வழி இது. சூடான படிகாரக் கரைசல் உருக்கை மெல்லத் தின்னும், அலுமினியத்தைத் தொடாது. வார்ப்பைத் தனியாகக் கழற்ற முடிந்தது எங்கள் நல்ல நேரம். அதிலிருந்த மற்ற உருக்குத் துண்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, எனாமல் பாத்திரத்தில், கரையும்வரை படிகாரம் போட்ட தண்ணீரில் மூழ்கவைத்து, கொதிக்கு முந்தின சூட்டிலேயே வைத்திருந்தோம். துண்டின்மேல் குமிழிகள் ஓயாமல் எழும்பின. அது ஹைட்ரஜன் என்பதால் திறந்த மாடியில்தான் வைத்தோம். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றி, கறுத்த கசடை ஊசியால் கிளறிவிட்டு, இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை அவரே கவிழ்த்துத் தட்டினார். மிச்சம் கறுப்புச் சேறாக விழுந்தது. அலுமினிய மரை, டிரில் பட்ட பக்கம் தவிர, புதிதுபோல் நின்றது. அந்தப் பாத்திரம் இனிச் சமையலுக்கு ஆகாது. இந்த வழி ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குப் பலிக்காது. முழு ஹெட்டையும் இப்படி முக்கக்கூடாது. வால்வு சீட்டுகளும் உருக்கு வகைதான், அவற்றையும் தின்றுவிடும்.

டிரில் பட்டுப்போன பக்கத்துக்கு ஹெலிகாயில் போட்டோம். உடைந்த மரைக்குப் பதிலாகத் துளையை அகலமாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் மரை வெட்டி, உருக்குக் கம்பிச் சுருளை உள்ளே திருகி வைப்பது. இதை 'ஒட்டுப் போட்ட வேலை' என்று மதிப்புக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. விமான எஞ்சின்களின் அலுமினிய உறுப்புகளில் புதிதாகச் செய்யும்போதே இதைப் போடுகிறார்கள், வெறும் அலுமினிய மரையைவிட அது உறுதி. துளையைப் பசையால் நிரப்பி மேலே போல்ட்டை ஒட்டிவைப்பதுதான் மதிப்புக் குறைவு. அப்படிச் செய்து கைமாற்றிய கார்களைக் கண்டிருக்கிறேன், வாங்கியவருக்காக மனம் வலிக்கும்.

பட்டறைக்குக் கொண்டுபோவதென்று முடிவெடுத்தால், நீங்கள் செய்த எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஈஸி அவுட் துண்டு உள்ளே இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அவர் தன் நல்ல பிட்டை உள்ளே விட்டு முறித்துக்கொள்வார். கார்பைடு பிட்டா, மின்பொறி அரிப்பா என்று முதல் நிமிடத்திலேயே அவர் முடிவு செய்ய உங்கள் உண்மைதான் உதவும்.

திரும்ப மாட்டும்போது பழைய ஸ்டட்டுகளைப் போடாதீர்கள். ஒன்று முறிந்திருந்தால் மற்றவையும் அதே வயது, அதே சூடு பட்டவை. மரைகளைச் சுத்தம் செய்து, துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடி மூடிய துளையில் திரவம் இருந்து போல்ட்டை முடுக்கினால் அந்த அழுத்தத்தில் வார்ப்பே விரிசல் விடும். தண்ணீர்ப் பாதைக்குள் திறக்கும் துளைகளுக்கு மரையில் சீலன்ட் வேண்டும். ஸ்டட்டைக் கையால் திருகுகிற அளவு போதும். வெளிமரையில் காப்பர் கிரீஸ் தடவி, கிடைத்தால் பித்தளை நட் போடுங்கள். இரும்போடு சேர்ந்து துருப்பிடித்து இறுகாது. கிரீஸ் தடவிய மரை வழுக்கும், அதனால் உலர்ந்த மரைக்குச் சொல்லும் முறுக்கத்தைவிடக் குறைவாகவே முடுக்கவேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள், இரண்டு மூன்று சுற்றாக.

அந்தக் கார் இப்போது ஓடுகிறது. முதல் வாரம் தினமும் எஞ்சின் ஆறியபின் தெர்மோஸ்டாட் மூடியடியில் ஒரு காகிதம் வைத்து ஈரம் படுகிறதா என்று பார்த்தார், படவில்லை. அடுத்த ஞாயிறு மேனிஃபோல்ட் நட்டுகளில் கை வைக்கப்போகிறாராம். சனிக்கிழமை இரவே எண்ணெய் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். நட் ஸ்பிளிட்டர் என்னிடம் இருக்கிறது. உங்களில் பக்கத்துத் தெருக்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் திங்கட்கிழமைக்குப் பின் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்